ஓடாதவன் பெயரில் ஓட்டம்

என் தம்பி நித்தாய் தன் கட்டில் தலைமாட்டில் ஒரு காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். பட்டமுமில்லை, பரிசுமில்லை. ராணுவ டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. ‘தட்டைப் பாதம். ஓட்டம், நீண்ட நடை, நெடுநேரம் நிற்பது ஆகிய மூன்றிலிருந்தும் விலக்கு.’ வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, “உக்காந்துக்கிட்டே நாட்டைக் காப்பாத்துன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு” என்பான். மளிகைக் கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கும் டிராக்டரில்தான் போவான்.

அவன் பெயரில்தான் எங்கள் மோஷாவில், இந்தக் கூட்டுறவு விவசாய ஊரில், நாலு வருஷமாக நினைவு ஓட்டம் நடக்கிறது. பெரியவர்களுக்கு ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கிலோமீட்டர். ஆரஞ்சுத் தோட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு, தண்ணீர்ப் பந்தல், ஒலிபெருக்கி, முதுகில் ‘நித்தாயைப் போல் ஓடு’ என்று அச்சடித்த நீல டீ-ஷர்ட். அடப்பாவிகளா! நித்தாயைப் போல் ஓடுவதென்றால் அன்றைக்கு ஒருத்தரும் போர்வையை விட்டே வெளியே வரக்கூடாது.

நான் ஓஸ்னாத். அவனுக்குப் பதினெட்டு வயசு மூத்தவள். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்கக் கத்துக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று ஊரில் பேச்சு. பேசட்டும். அப்பா போன பிறகு அம்மா வயலுக்குப் போய்விடுவாள், அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு உதைத்து அனுப்பியது நான்தான்.

ராணுவத்தில் அவனுக்குக் கிடைத்தது சமையலறை வேலை. தெற்கே ஒரு சின்னப் படைத்தளம். அங்கே அவன் துப்பாக்கி தூக்கியதைவிடக் கரண்டி தூக்கியதுதான் அதிகம். வெள்ளிக்கிழமை தோறும் மஃப்ரூம் செய்வான். உருளைக்கிழங்கைப் பாதி கீறி, நடுவில் மசாலாக் கொத்துக்கறி அடைத்து, எண்ணெயில் பொரித்து, சிவப்புக் குழம்பில் மணிக்கணக்காக வேகவிடுகிற பண்டம். திரிப்போலியிலிருந்து எங்கள் ஆட்கள் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான் என்று அம்மா சொல்வாள். மத்தியானம் சமையலறைத் தொலைக்காட்சியில் அர்ஜென்டினா சீரியல் பார்த்து அழுவான். அழுது முடித்ததும் தன்னைப் பார்த்தே சிரிப்பான். அந்தச் சிரிப்பை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடக்கச் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் வெங்காயம் எடுத்துவரப் போன லாரி வளைவில் கவிழ்ந்தது. ஓட்டுநருக்குத் தோள்பட்டை முறிந்தது, அவ்வளவுதான். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த இரண்டு பையன்களும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஒருத்தன் என் தம்பி. இன்னொருத்தன் கிடங்கில் வேலை பார்த்த யோத்தாம், வடக்கே ஒரு கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைக்காரன். இரண்டு பேருக்கும் இருபது வயசு.

எங்கள் நாட்டில் சிப்பாய் செத்தால் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். அதற்கென்று ஓர் அலுவலகமே இருக்கிறது. பிறப்பு, பள்ளிக்கூடம், விருப்பங்கள், ராணுவச் சேவை, அடக்கம் செய்த இடம். நாலைந்து பக்கம் படித்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே பையன்தான் இருப்பான். எப்போதும் புன்னகை, எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குவான், தோழனுக்காக உயிரைக் கொடுப்பான், மலையேறுவான், மண்ணை நேசிப்பான். சோம்பேறியாக ஒருத்தன்கூட இந்த நாட்டில் செத்ததில்லை போலிருக்கிறது. கடன் வாங்கி ஏமாற்றியவன், அக்காவின் காரை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கதவை நசுக்கியவன், இப்படி யாரும் போய்ச் சேர்ந்ததாக எழுத்தில் இல்லை.

நித்தாயைப் பற்றிய பக்கம் தயாரானபோது சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாதங்களில் நான் எந்தக் கடிதத்தையும் பிரிக்கவில்லை. அம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. மூத்த பெண் என்று ஏழு வயசிலேயே பள்ளியிலிருந்து நிறுத்திக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டார்கள். காட்டிய இடத்தில் தன் பெயரை வரைவாள். வரைந்து அனுப்பிவிட்டாள்.

அந்த வருஷம், நாடே செத்த சிப்பாய்களை நினைக்கிற நினைவு நாளில் சைரன் அடங்கியதும் வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அதை ஒலிபெருக்கியில் வாசித்தாள். ‘நித்தாய் அதிகம் பேசாதவர். விடியுமுன் எழுந்து தனியாக ஓடுவார். வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர். வேலிவரை ஓடித் திரும்புகையில் அவர் என்ன நினைத்தார் என்று எவருக்கும் தெரியாது.’

எனக்கு எழுத்தெழுத்தாக எரிந்தது. நித்தாய் அதிகம் பேசாதவனா! தூக்கத்தில்கூட வாய் மூடாதவன். வழக்கம்போல அலுவலகத்துக்காரர்கள் ஒரு வீரனைத் தைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலையுமுன்பே மோஷாவ் செயலாளர் ஷிம்ஷோன் ஓடி வந்தார். எதையும் ஆரம்பித்து வைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

“மஸூதா அக்கா, உங்க பையன் இவ்வளவு பெரிய ஓட்டக்காரன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே! அவன் பேர்ல ஒரு ஓட்டம் வெச்சிடலாம்.”

“ஷிம்ஷோன் அண்ணே, அவன் உங்க கண்ணு முன்னாடி வளந்தவன். என்னிக்காவது ஓடிப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ராணுவத்துல மாறியிருப்பான்மா. ராணுவம் ஆளை மாத்தும்.”

“அவனை மாத்தலண்ணே. அவன்தான் அங்க இருந்தவங்க இடுப்புச் சுத்தளவை மாத்தினான்.”

அவர் காதில் வாங்கவில்லை. அரசாங்கத் தாளில் அச்சாகி வந்ததை எதிர்த்துப் பேச ஊரில் யாருக்கும் தைரியமில்லை. அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பக்கத்தில் நிற்கும்போது. இரண்டாம் வருஷம் அதைவிட மோசம். ஆட்களுக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. கோழிப்பண்ணை அவ்னேர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “காலையில அஞ்சு மணிக்கு என் பண்ணையைத் தாண்டி மான் மாதிரி ஓடுவான், இந்தக் கண்ணால பாத்திருக்கேன்” என்று தழுதழுத்தாராம். அஞ்சு மணிக்கு நித்தாய் அந்தப் பக்கம் போயிருந்தால் அது முட்டை திருடத்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர், அவன் இடைவேளையில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பான் என்றாளாம். அவன் இடைவேளையில் மற்ற பிள்ளைகளின் சாண்ட்விச்சுகளை ருசி பார்த்துக்கொண்டிருந்தான், நான் இரண்டு தடவை போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். அம்மாதான் என்னைக் கொன்றாள். வருஷா வருஷம் நல்ல உடை உடுத்திக்கொண்டு, முடிவுக்கோட்டில் நின்று, ஓடி வருகிற ஒவ்வொருத்தர் கழுத்திலும் மெடலைப் போடுவாள். போட்டோவில் பார்த்தால் முகத்தில் அப்படி ஒரு அக்கறை. ஷிம்ஷோன் வந்து இந்த வருஷம் இத்தனை பேர் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள். வீட்டில் அவன் தூங்கியதை, தின்றதை, சிரித்ததை நான் பேச்செடுத்தால், “சரி விடு” என்று எழுந்து போய்விடுவாள். ஆக, பெற்றவளே அந்த ஓட்டக்காரனை நம்பிவிட்டாள், நிஜ நித்தாயைத் தெரிந்தவள் என்று இனி நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு அது தாங்கவில்லை. ஓட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமையெல்லாம் வேண்டுமென்றே காலையிலிருந்து மாணவர்களை வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

நாலாவது வருஷம், ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு. என் மாணவன் ஒருவன் லைசென்ஸ் பரீட்சைக்குப் போயிருந்தான். நான் மைதானத்தில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வழக்கம்போல வயிறெரிந்துகொண்டிருந்தேன். அடியில் ‘அதே நாளில் உயிரிழந்தோர்’ என்று ஒரு வரி. அழுத்தினேன். யோத்தாமின் பக்கம் வந்தது. ஒல்லியான, வெளுத்த பையன். படத்தில்கூடச் சிரிக்கவில்லை.

‘யோத்தாம் சமையலறையின் உயிர். வெள்ளிக்கிழமைகளில் மஃப்ரூம் செய்து தளம் முழுவதற்கும் பரிமாறுவார். அர்ஜென்டினா தொடர் ஓடும் நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. வாய்ப்புக் கிடைத்தால் நண்பகல்வரை தூங்குவார். அவருடைய சிரிப்பு சாப்பாட்டுக்கூடத்தின் மறுகோடி வரை கேட்கும்.’

வடக்கத்தி கிப்புட்ஸ் பையன், தாத்தா பாட்டி போலந்திலிருந்து வந்தவர்கள், அவன் மஃப்ரூம் செய்தானாம்! உப்பும் மிளகும் போட்டாலே உறைக்கிறது என்று தண்ணீர் கேட்கிறவர்கள் அவர்கள். நாலு வருஷமாக இதைப் படித்த ஒருத்தருக்காவது சந்தேகம் வரவேண்டாமா? என் தம்பி முழுசாக, பத்திரமாக, அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பரீட்சையில் தோற்றுத் திரும்பி வந்த மாணவன், தனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, “பரவால்ல டீச்சர், அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு அவசரமே இல்லை.

“நாலு வருஷமா யாரும் புகார் சொல்லலியே மேடம். அவர் ஓடலன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“நான் அவன் அக்கா.”

“குடும்பத்துக்குத் தெரியாத விஷயம் நிறைய இருக்கும் மேடம். எத்தனையோ பேர் எங்க பக்கத்தைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிறாங்க.”

“தட்டைப் பாதம்னு உங்க ராணுவ டாக்டர்தாம்மா எழுதிக் குடுத்தாரு!”

பெருமூச்சு விட்டுவிட்டுப் பழைய கோப்பைத் தேடினாள். சமையலறைத் தலைவர் ஒருத்தரிடம் இரண்டு பையன்களைப் பற்றியும் ஒரே உட்காரலில் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். எழுதினவர் ‘விருப்பங்கள்’ பத்தியை மட்டும் இடம் மாற்றிவிட்டார். திருத்தலாம், ஆனால் இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போடவேண்டும், ஒரு குடும்பம் மறுத்தாலும் முடியாது என்றாள். படிவத்தை அனுப்பி வைத்தாள்.

மறுநாளே வடக்கே கிளம்பிவிட்டேன். மூன்று மணி நேரம். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதிரே வந்த லாரிக்காரர்கள் நான் அவர்களைத் திட்டுவதாக நினைத்திருப்பார்கள்.

யோத்தாமின் அப்பா பெயர் கியோரா. மாட்டுக்கொட்டகையில் நாற்பது வருஷம் வேலை பார்த்த நெட்டை மனிதர். மனைவி எப்போதோ பிரிந்து வெளிநாடு போய்விட்டாளாம். “யோத்தாம் விஷயமா வந்திருக்கேன்” என்று சொன்னதும், எந்த விஷயம், நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். “முதல்ல சாப்பிடுங்க. இன்னிக்குன்னு பாத்து செஞ்சிருக்கேன்” என்றார்.

தட்டில் வைத்தது மஃப்ரூம். அதாவது, அவர் அப்படி நம்பினார். உருளைக்கிழங்கை முழுசாகத் துண்டாக்கி, நடுவே கறியை வைத்து, பல் குத்தும் குச்சியால் குத்தியிருந்தார். குழம்பு வெறும் தக்காளித் தண்ணி. ஆஸ்பத்திரியில்கூட இதைவிட உறைப்பாகப் போடுவார்கள். ஒரு வாய் விழுங்கினேன்.

“மாசத்துக்கு ஒரு தடவை செய்வேன்” என்றார் கியோரா. “அவன் செய்வானாம். எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்துலதான் போட்டிருந்தாங்க.”

இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

“நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்லம்மா. சண்டையெல்லாம் கிடையாது. பேச்சு வராது, அவ்வளவுதான். காலையில எந்திரிச்சு ஓடுவான், நான் பால் கறப்பேன். சாப்பாட்டுக்கூடத்துல எதிரெதிர்ல உக்காந்து சாப்பிடுவோம். உப்பை எடுன்னுகூட யாரும் கேட்டதில்ல. இவன் சந்தோஷமா இருந்தானா இல்லையான்னே தெரியாம போய்ட்டானேன்னு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் வந்துச்சு.” எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். அர்ஜென்டினா சீரியல், மொத்தமும், வட்டு வட்டாக. “நூத்திப் பத்தாவது எபிசோட்ல இருக்கேன். அந்த ரெட்டைப் பொண்ணுல மூத்தவளை நம்பவே கூடாதும்மா, சரியான கைகாரி.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருப்பார்கள். நானும் வந்திருப்பேன். கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

“அவன் சிரிச்சா மறுகோடி வரைக்கும் கேக்குமாம்” என்றார். “என் பையன் சிரிச்சிருக்கான்.”

அந்தச் சிரிப்பை நான் எப்படிக் கொடுப்பேன்? மூன்று வயசில் என் மடியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு அது.

“அது என் தம்பி” என்றேன். “சிரிச்சவன் என் தம்பி. சமைச்சவனும் அவன்தான். ஆபீஸ்ல மாத்தி எழுதிட்டாங்க.”

படிவத்தை மேஜையில் வைத்தேன். என் போனில் இரண்டு பக்கங்களையும் காட்டினேன். கிளம்பும்போது தயார் செய்து வைத்திருந்த கோபமான பேச்சில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யோத்தாமின் பக்கத்தை மறுபடி வாசித்தார். பிறகு நிதானமாக என் தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். அது ஏற்கெனவே கழுவியாகிவிட்ட பிறகும் கழுவினார்.

“அப்போ என் பையனைப் பத்தி உங்ககிட்ட என்ன போட்டிருக்கு?”

அந்தப் பத்தியை நம்பி எங்கள் ஊரில் மூன்று வாரத்தில் நடக்கப் போகிற ஓட்டத்தைச் சொல்லிவிட்டு வாசித்தேன். அதிகம் பேசாதவர். விடியுமுன் எழுந்து தனியாக ஓடுவார். அவர் என்ன நினைத்தார் என்று எவருக்கும் தெரியாது.

“அதுதான் எனக்கே தெரியுமே” என்றார் கியோரா.

திரும்பி வருகிற வழியில் நாலு இடத்தில் தப்பான பாதையில் திரும்பினேன். தொழிலே கார் ஓட்டுவது, நாலு இடத்தில். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்டதென்னவோ என் தம்பியைத்தான். அதற்காக ஒரு கிழவனிடமிருந்து சிரிக்கிற பிள்ளையைப் பிடுங்கிவிட்டு, அதற்குப் பதிலாக அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பேசாத பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டத்தன்று ஊரைவிட்டு ஓடாமல் நான் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. ஒன்பது மணிக்கு ஷிம்ஷோன் துப்பாக்கி வேட்டுக்குப் பதிலாக டிராக்டர் ஹாரனை அழுத்தி ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். நீல டீ-ஷர்ட்டுகள் தோட்டத்துக்குள் போய் மறைந்தன. முடிவுக்கோட்டில் அம்மா, மெடல் அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பஸ் நிறுத்தத்திலிருந்து தொப்பி போட்ட நெட்டை உருவம் ஒன்று நடந்து வந்தது.

கியோரா நேராக என்னிடம் வந்து மடித்த படிவத்தைக் கொடுத்தார். “கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் நியாயம். அவரவர் பிள்ளை அவரவர்கிட்ட இருக்கணும்.” கொஞ்சம் தயங்கினார். “அந்த சீரியல் பாதியில நிக்குது. அதை மட்டும் நான் பாத்து முடிச்சுக்கட்டுமா?”

“பாருங்கய்யா” என்றேன்.

அவர் முடிவுக்கோட்டுப் பக்கம் போய், தொங்கிய பெரிய பதாகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பதாகையில் நித்தாய் வாயெல்லாம் பல்லாக, அதன் கீழே வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர் என்று. அம்மா அவரை மேலும் கீழும் அளந்தாள். அவளுக்குப் பொறுமை கிடையாது, என் வாய் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

“நீங்களும் எம்மவன் ஓடினதைப் பாத்தவருதானா? சொல்லுங்க, சொல்லுங்க. அஞ்சு மணிக்கா, ஆறு மணிக்கா?”

“இல்லம்மா” என்றார் கியோரா. “நான் பாத்ததே இல்ல.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நாலு வருஷத்துல உண்மை பேசின முதல் ஆம்பள நீங்கதாங்க. இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் பாத்திருக்கான். குருட்டுக் கிழவன் ஒருத்தன் இருக்கான், அவனும் பாத்திருக்கான்.” குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எம்மவன் ஓட மாட்டான். வீடு பத்திக்கிட்டாலும் நடந்துதான் வருவான், அதுவும் போற வழியில அடுப்புல என்ன இருக்குன்னு திறந்து பாத்துட்டு வருவான். இது வேற யாரோ பெத்த பிள்ளை. அந்தப் பொண்ணு வாசிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல எங்கேயோ காகிதம் மாறிப்போச்சு.”

“அம்மா!” என்று கத்திவிட்டேன். “தெரிஞ்சேவா நாலு வருஷமா இங்க வந்து நிக்கிற?”

“ஏண்டி, எழுதப் படிக்கத்தானே எனக்குத் தெரியாது? பெத்த பிள்ளையைத் தெரியாதா?”

“அப்ப ஏன் வாயைத் திறக்கல? நான் அவனைப் பத்திப் பேச வந்தா எந்திரிச்சுப் போனியே!”

“நீ பேச ஆரம்பிச்சா எனக்கு அழுகை வருது, எந்திரிச்சுப் போறேன். அதுக்கென்ன இப்ப?” கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எம்பிள்ளைக்கு நான் இருக்கேன், நீ இருக்கே. மூணு தெருச் சனம் அவன் கையால தின்னிருக்கு. இந்தப் பையன் யாருகிட்டயும் பேச மாட்டானாமே. விடியக்காலையில தனியா ஓடுவானாமே. அவனை நினைச்சுப் பாக்க யாரு இருக்காங்களோ, என்னவோ! நான் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஷிம்ஷோன் அன்னிக்கே எல்லாத்தையும் சுருட்டிக் கட்டிடுவான். அப்புறம் அந்தப் பிள்ளைக்காக எவன் ஓடுவான்? அதான் வந்து நிக்கிறேன். யாரு பெத்ததோ.”

நான் கியோராவைப் பார்க்கவே பயந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பேச்சு வராத மனுஷன்தானே.

“என் பையன்மா” என்றார் கடைசியில். “யோத்தாம்னு பேரு.”

அம்மா அசையாமல் அவரையே பார்த்தாள். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. தோட்டத்து வளைவில் முதல் நீல டீ-ஷர்ட் தெரிந்தது, ஷிம்ஷோன் ஒலிபெருக்கியில் நித்தாயைப் போல் ஓடு, நித்தாயைப் போல் ஓடு என்று கத்த ஆரம்பித்தார். அம்மா கையிலிருந்த மெடல் கொத்தைக் கியோராவின் கையில் திணித்து, அவரைத் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தினாள்.

“இப்படி வந்து நில்லுங்க. இது நீங்க குடுக்க வேண்டியது. எனக்கு நாலு வருஷமாக் கால் வலிக்குது.”

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்த பையன் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்க, புரியாமல் அந்த நெட்டை மனிதர் முன்னால் குனிந்தான். கியோரா போட்ட மெடலின் நாடா அவன் காதில் மாட்டிக்கொண்டது. சரிசெய்து போட்டார். போட்ட பிறகும் அவன் தோளிலிருந்து கையை எடுக்காமல், “நல்லா ஓடினேப்பா” என்றார். அடுத்து வந்தவனிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்தவளிடமும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் பாதிப்பேர் நடந்து வந்தவர்கள், ஒருத்தரையும் அவர் அதைச் சொல்லாமல் அனுப்பவில்லை.